வாடகைச் சட்டத்தின் நாலாம் பக்கம்

நான் வீட்டுக்காரன். இதைச் சொல்லும்போது என் நெஞ்சு தானாகவே இரண்டு அங்குலம் முன்னால் போய்விடும். அது என் தப்பில்லை. ஒரு மாடி, ஒரு மாடிப்படி, ஒரு குடித்தனம், இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். ஆனாலும் தெருவில் போகும்போது, "மாடி வீட்டு ஓனர் போறார்" என்று நாலு பேர் சொல்வார்கள். சரி, மூன்று பேர்.

மாடியில் எட்டு வருஷமாகக் குடியிருந்தவர் ஒரு தையல்காரம்மா. ஒற்றை ஆள், ஒற்றை மெஷின். தினமும் காலை ஆறு மணிக்கு மேலே போய்க் குழாய், ஜன்னல், சுவர் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன். சுவரில் புதிதாக ஓர் ஆணி தெரிந்தால் என் விலாவில் அடித்த மாதிரி இருக்கும்.

இப்படிக் கம்பீரமாக வாழ்ந்தவனைத்தான் வாடகைச் சட்டம் பிடித்து ஆட்டியது. பழைய சட்டத்தை நான் மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் அதைத் திருத்தினார்கள். திருத்தம் புரிவதற்குள் புதுசே வந்துவிட்டது. வாடகையை நினைத்தபோது ஏற்றக் கூடாதாம். பழுது என்று எழுதிக் கொடுத்தால் பதினைந்தே நாளில் சரிசெய்ய வேண்டுமாம். வாடகைக்கு விட்ட பகுதிக்குள் உரிமையாளரோ, உரிமையாளரைச் சேர்ந்தவரோ நுழைவதானால் ஒரு நாள் முன்னதாக மனுக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமாம். என் மாடிக்குப் போக நான் மனுப் போட வேண்டும். இதற்கு மேல் வரி வேறு. வரியைக் குறைக்கத்தான் போன வருஷமே கீழ்த்தளத்தை மனைவி பேருக்கு எழுதி வைத்தேன். அதை ராஜதந்திரம் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே மனைவிதான். அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அந்தப் புத்தகம் அச்சானதும் அவளுடைய அச்சகத்தில்தான்.

சட்டம் வந்த மறுநாளே தையல்காரம்மா ஒரு தாளோடு வந்தார். 'சமையலறைக் குழாய் சொட்டுகிறது. சரிசெய்து தரவும்.' நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தேன்.

"தேதி எங்கம்மா?"

"இப்பத்தான் சார் எழுதினேன்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியுமா? தேதி இல்லாத மனு செல்லாது."

திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்னால் நின்ற மனைவி அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் திறமையைப் பார்த்து வியக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் தையல்காரம்மா தேதியோடு வந்தார். ஆனால் என் மூளை அதற்குள் எங்கோ உயரத்துக்குப் போயிருந்தது. சட்டப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. சொந்தக் குடியிருப்புக்குத் தேவை என்று எழுதிக் கொடுத்தால், குடியிருப்பவர் ஒரே மாதத்தில் காலி செய்ய வேண்டும். போதாதா? அவரை அனுப்பிவிட்டு மாடியைப் பத்து நாள் பூட்டி வைப்பது, பிறகு புது ஆளுக்குப் புது வாடகைக்கு விடுவது. அன்றே நோட்டீஸ் எழுதினேன்.

"ஏங்க, அந்த அம்மா திடீர்னு எங்க போவாங்க?" என்றாள் மனைவி.

"அது சட்டத்தோட கவலை."

"நாலாம் பக்கம் படிச்சீங்களா?"

"மூணாம் பக்கத்துலயே ஜெயிச்சாச்சு. நாலாம் பக்கம் எதுக்கு?"

"இல்ல, நான் அதை ரெண்டு தடவ படிச்சேன். அதான் கேட்டேன்."

"நீ எழுத்துப் பிழை பாக்குற ஆளு. நான் அர்த்தம் பாக்குற ஆளு."

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்று சொன்னால் நான் உஷாராக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பது என் பெருந்தன்மை.

மாதம் முடிந்தது. மாடி காலியானது. தையல் மெஷின் ஒவ்வொரு படியாக இறங்கி வந்ததை வெற்றி ஊர்வலம் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெஷின் தெருவுக்குப் போகவில்லை. நேராக எங்கள் முன் அறைக்குள் போனது.

"என்ன இது?"

"குடித்தனம்ங்க. கீழ்த்தளம் என் பேர்லதானே இருக்கு? இவங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டேன். முன் அறை, கூடம், சமையலறை. ஒப்பந்தம் பதிவாயிடுச்சு."

"அப்ப நாம எங்க இருக்கிறது?"

"உள் அறை எனக்கு. சமையலறைக்கும் கூடத்துக்கும் அவங்க எனக்கு நிரந்தர அனுமதி எழுதிக் குடுத்துட்டாங்க. உங்களுக்குத்தான் மாடி இருக்கே. சொந்தக் குடியிருப்புக்குத் தேவைன்னு எழுதினது நீங்கதானே?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"நாலாம் பக்கம்" என்று புத்தகத்தை நீட்டினாள்.

படித்தேன். சொந்தக் குடியிருப்பு என்று சொல்லிக் காலி செய்யவைத்தவர் ஒரு வருஷம் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார். குடியிருக்காவிட்டால், காலி செய்தவருக்கே அந்த இடத்தைப் பழைய வாடகையில் ஐந்து வருஷத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

தோற்றதாக ஒப்புக்கொள்வதா? நானா? தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து மாடி ஏறினேன்.

மூன்றாம் நாள் ஆய்வாளர் வந்தார். தலையணையைத் தொட்டுப் பார்த்தார். அடிப்பிடித்த பாத்திரத்தை முகர்ந்து பார்த்தார்.

"தனியாவா இருக்கீங்க?"

"பெருமையா இருக்கேன்" என்றேன்.

ஆனால் பெருமையைத் தட்டில் போட்டுச் சாப்பிட முடியவில்லை. எனக்கு வெந்நீர் மட்டும்தான் சமைக்கத் தெரியும். குழாய் வேறு விடாமல் சொட்டியது. கீழேயிருந்து தாளிக்கிற வாசனையும் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தமும் சேர்ந்து மேலே வரும். ஒரு வாரம் தாங்கினேன். எட்டாம் நாள் இறங்கிப் போனேன். வாசலில் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு.

"சார், நீங்க உரிமையாளரைச் சேர்ந்தவரு. ஒரு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சட்டம்ங்க" என்றாள்.

எழுதினேன். சாதாரணமாக அல்ல. 'மேற்படி கீழ்த்தளத்தின் சமையலறையில் நாளை நண்பகல் ஒரு வேளை உணவருந்துவதற்கு, கீழே கையொப்பமிட்டுள்ள, உரிமையாளரைச் சேர்ந்தவராகிய எனக்கு அனுமதி வழங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' பிழை திருத்துகிறவள் கண்ணில் படுமே என்று ஒவ்வோர் ஒற்றெழுத்தையும் இரண்டு முறை சரிபார்த்தேன். அந்த நடையில் ஒரு மனு இந்தத் தெருவிலேயே யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

மறுநாள் குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கீழே போய் நின்றேன். வயிறு எனக்கு முன்னாலேயே போய் நின்றிருந்தது. மனைவி மனுவோடு வாசலுக்கு வந்தாள். கையில் அவளுடைய சிவப்புப் பேனா.

"ரொம்ப அருமையா எழுதியிருக்கீங்க. இத்தனை வருஷ வேலைல இப்படி ஒரு சுத்தமான பிரதி நான் பார்த்ததில்ல. ஒரு பிழை இல்ல, ஒரு அடித்தல் இல்ல."

என் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் போனது. அவள் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"தேதி எங்கங்க?"