குழாயும் பதினொரு பல்லாவரமும்

கம்ப்யூட்டர் மவுஸைப் பார்த்து அப்படி அலறுகிற இன்னொரு மனிதனைத் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேசையில் கிடந்த மவுஸை வாலைப் பிடித்துத் தூக்கினான். “இத்த யார்னா எட்துகினு போங்கப்பா!” என்று என் மடியில் போட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவன் பெயர் குழாய். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஸ்கூல் வேன்களைக் கண்காணிக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது; மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடி. எந்த வேன் எங்கே, எத்தனை மணிக்கு நின்றது என்று வரி வரியாகச் சேருகிற ஃபைலுக்கு லாக் என்று பெயர். நாங்கள் அதை மவுஸால் உருட்டி உருட்டிப் பார்ப்போம். குழாயோ கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடிப்பான், நெட்டுக்குத்தாக ஒரு கோடு போடுவான், அடுத்த கட்டளை அடிப்பான். முதல் கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்கு அனுப்புகிற அந்தக் கோடுதான் குழாய். “இந்தக் குழாய்ல வுட்டு அந்தக் குழாய்ல புடி மச்சான்” என்று நாள் முழுக்கச் சொல்கிறவனுக்கு வேறென்ன பெயர் வரும்?

இதைக் கேட்டுக்கொண்டே இருந்த கட்டட ஓனர் ஒருநாள் அவனை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார். “தம்பி, டேங்க் லீக் ஆவுது, கொஞ்சம் பாரு.” நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். முக்கால் மணி நேரத்தில் லீக்கை நிறுத்திவிட்டு, நனைந்த சட்டையோடு இறங்கி வந்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

ஆனால் நிஜமாகவே நான் ஆடிப்போனது ஒரு வெள்ளிக்கிழமை. பல்லாவரத்தில் முதல் ஸ்டாப்புக்கே வேன் வரவில்லை, ஒன்பதாவது படிக்கிற மகளுக்குப் பரீட்சை போய்விட்டது என்று ஒரு அப்பா போனில் குதித்தார். அந்த வேனை ஓட்டுகிறவர் சலீம் பாய்.

“வந்து நின்னேன் சார். பொண்ணுதான் வரல” என்றார் பாய்.

நான் லாக்கைத் திறந்து, ஆங்கிலத்தில் பல்லாவரம் என்று அடித்துத் தேடினேன். அவர் வேனில் ஒரு வரிகூட இல்லை. “வண்டி அங்க போகவே இல்ல சார்” என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நல்லா பாருங்க தம்பி” என்றார் பாய்.

“பாத்துட்டேன் பாய்.”

மேனேஜர் அங்கேயே அவரை வேலையை விட்டு நிறுத்தினார். பாய் வேன் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

டீ குடித்துவிட்டு வந்த குழாய் சாவியைப் பார்த்தான், விஷயத்தைக் கேட்டான்.

“இன்னான்னு போட்டுத் தேடுன?”

“பல்லாவரம்னுதான்.”

“எந்தப் பல்லாவரம்?”

“எத்தன பல்லாவரம்டா இருக்கு?” என்றேன்.

முதல் குழாயில் பாயின் வேன் வரிகளை மட்டும் விட்டான். அடுத்ததில் ஊர்ப் பெயர்கள் மட்டும் வந்தன. அதற்கடுத்ததில், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தவை போக மிச்சம். திரையில் பதினொரு பல்லாவரம்! ஊர்ப் பெயரை டிரைவர்களே போனில் அடிக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றில் ஒற்றை எல், ஒன்றில் மூன்று எல், ஒன்றில் ‘ஏ’ என்ற எழுத்தே இல்லை, பலதில் ‘வி’க்குப் பதில் டபிள்யூ. நான் தேடிய, சரியான ஸ்பெல்லிங் உள்ள பல்லாவரம் மட்டும் அதில் இல்லை.

அன்றைய வரியும் இருந்தது. ஏழு பத்துக்கு வந்து, ஏழு இருபது வரை நின்றிருக்கிறார்.

“ஒரு மனுஷனோட வேலையப் புடுங்கிட்டேன்டா” என்றேன்.

குழாய் சிரிக்கவில்லை. மேனேஜரை இழுத்து வந்து திரையைக் காட்டினான். மேனேஜர் அந்த அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா மகளைக் கேட்டார். படிக்காத பரீட்சைக்குப் பயந்து, வெள்ளிக்கிழமைச் சந்தையில் லவ் பேர்ட்ஸ் பார்க்கப் போயிருக்கிறாள்! “பாயை உடனே திரும்ப வரச் சொல்லு” என்றார் மேனேஜர்.

குழாய் சாவியை என் கையில் திணித்தான். “நீ வாங்குன சாவி, நீதான் குடுக்கணும். வண்டில ஏறு.”

முடிச்சூரில் பாய் வீட்டு வாசலில் நின்று, “தப்பு என்னோடது பாய், மன்னிச்சிடுங்க” என்றேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் அதிர்ந்துபோனார்.

“ஏன் தம்பி, பல்லாவரத்துக்கு டபிள்யூ இல்லியா?”

குழாய் இப்போது குன்றத்தூர் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கிறான். எப்போதாவது எங்கள் மாடிப்படியில் அவன் குரல் கேட்டால், முதல் வேலையாக என் மவுஸை டிராயருக்குள் ஒளித்து வைத்துவிடுவேன். பாவம், பயந்துடுவான்.