உடும்பு வாங்கிய புகையில்லா அடுப்பு

ஒரு காட்டில் குளிர் இருந்தது, விறகும் இருந்தது. அடுப்பு மூட்டத்தான் அனுமதி இல்லை.

அதற்குக் காரணம் ஒரு மயில். மலைச்சரிவின் மேல்பாதியில் குடியிருந்த அந்த மயில், ஒருநாள் காலையில் தோகையை விரித்துப் பார்த்தபோது ஓரத்தில் கரி படிந்திருந்தது. உடனே சிங்கத்திடம் போய் அழுதது. அந்தச் சிங்கம், அழுவது யார் என்று பார்த்துவிட்டுத்தான் அழுகையைக் கேட்கும். மயில் பார்க்க அழகாக இருந்தது. மறுநாளே மேல்சரிவு முழுவதும் புகைத்தடைப் பகுதி என்று பறை அறைந்துவிட்டார்கள். கண்ட அடுப்பையும் எரிக்கக் கூடாது. புகை குறைந்த அடுப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். அதை அதிகாரி வந்து சோதிப்பார். அவர் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் வளைக்குள் நெருப்பு வைக்கலாம். உடம்பெல்லாம் ரோமம் உள்ள கரடியும் குரங்கும் இந்தச் சட்டத்தைக் கேட்டுக் கைதட்டின.

கைதட்டாமல் உட்கார்ந்திருந்தது, அதே மேல்சரிவில் வளை வைத்திருந்த பரஞ்சோதி என்ற உடும்பு. உடும்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெயிலோ நெருப்போ கொடுத்தால்தான் கைகால் அசையும். போன மார்கழியில் நாலு நாள் தொடர்ந்து வெயில் வரவில்லை. பரஞ்சோதி விறைத்துப்போய்க் கிடந்தது. வந்து பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்தக் காட்டில் பாடை கட்டுவதும் தூக்குவதும் நாலு முள்ளம்பன்றிகளின் பொறுப்பு. மூத்தது வேலாயுதம். கல்யாணத்துக்கு அழைத்தால் பந்திக்கு மட்டும் வரும்; சாவு என்றால் சொல்லி அனுப்புவதற்கு முன்பே மூங்கிலோடு வந்து நிற்கும். அன்றும் வந்தது. பாடை பாதி வழி போனபோது மேகம் விலகி வெயில் அடித்தது. பரஞ்சோதி தலையைத் தூக்கிப் பார்த்தது.

"எல்லாரும் எங்கே கிளம்பிட்டீங்க?"

"உன்னைப் புதைக்கத்தான்" என்றது வேலாயுதம். மூங்கில் வீணாகிவிட்ட வருத்தம் அதன் குரலில் இருந்தது.

அன்றிலிருந்து பரஞ்சோதியின் மனைவி வடிவுக்கு ஒரே பயம். வடிவும் உடும்புதான், அதற்கும் அதே குளிர்ந்த உடம்புதான். ஆனால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வீட்டுவேலை இருந்ததால் விறைத்துப் படுக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை. "போன தடவை வழியில வெயில் வந்துச்சு. இந்தத் தடவை வராமப் போனா, உசிரோட மண்ணைத் தள்ளிடுவாங்களேங்க" என்று சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தியது. ஆகவே கார்த்திகை பிறந்ததும் இருவரும் அடுப்பு வாங்கக் கிளம்பினார்கள்.

காட்டில் இருந்தது ஒரே ஒரு அடுப்புக் கடை. அதை நடத்தியது நரி.

இந்த இடத்தில் நீங்கள் நரி ஏமாற்றப் போகிறது என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். பரஞ்சோதியும் அப்படித்தான் உட்கார்ந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைகளிலெல்லாம் நரி செய்த காரியங்களை அது விரல் விட்டு எண்ணி வைத்திருந்தது. "வடிவு, அவன் எதைக் காட்டுறானோ அதைத் தவிர மத்ததை வாங்கு" என்று காதைக் கடித்தது.

நரி மூன்று அடுப்புகளைக் காட்டியது. முதலாவது பித்தளை அடுப்பு, நெற்றியில் மயில் உருவம் வைத்தது. "இது பார்வைக்கு மட்டும்தான் அக்கா. மூட்டினா ஊரே இருமும்" என்றது. இரண்டாவது யானைக்கென்று செய்த பெரிய அடுப்பு. "இது உங்க வளைக்கு ஆகாது. பெரிய அடுப்பை வாங்கிட்டு, சூடு தாங்காம காத்தை அடைச்சு அடைச்சு வைப்பீங்க. எரியாமக் கங்கா கிடந்து புகையைக் கக்கும்."

"அப்போ எதைத்தான் விக்கிறே?" என்றது பரஞ்சோதி.

நரி மூலையில் கிடந்த ஒரு சின்ன இரும்பு அடுப்பைத் தூக்கி வந்தது. பூவேலை, மெருகு எதுவும் இல்லை. "கீழே இருக்கிற துளையில போற காத்து விறகை எரிக்கும். மேலே இருக்கிற துளையில போற காத்து, கிளம்புற புகையையே எரிச்சுடும். வளை அளவுக்குச் சரியா இருக்கும். ஒரே ஒரு விஷயம் அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். விறகைக் குளிப்பாட்டாதீங்க."

நரி இப்படிக் கெஞ்சியதற்குக் காரணம் உண்டு. அந்தக் காட்டில் புது அடுப்பு மூட்டினால் முதல் விறகைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துத்தான் உள்ளே தள்ளுவார்கள். எந்தக் காலத்தில் யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. குளிக்காத விறகு அடுப்பில் ஏறினால் குடும்பம் விளங்காது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு கோடை வெயில்ல காய்ஞ்ச விறகா வைங்க. ஒரு இழை புகை வந்தாலும் அடுப்பைத் திருப்பிக் கொண்டாந்து என் தலையில போடுங்க" என்றது நரி. அதன் கண்ணில் நீர் தளும்பியது. பரம்பரை பரம்பரையாகப் புளித்த திராட்சையும் பொய்யும் விற்ற குடும்பம் அது. தன் தலைமுறையிலாவது ஒரு நல்ல சரக்கு விற்க வேண்டும் என்று அதற்கு உண்மையிலேயே ஆசை.

"நடிக்கிறான்" என்றது பரஞ்சோதி.

வடிவு கதை சொல்லும் நேரத்திலெல்லாம் தூங்கி வளர்ந்த பெண். நரியைப் பற்றி அதற்கு முன்னபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆகவே மேல்துளையையும் கீழ்த்துளையையும் குனிந்து பார்த்துவிட்டு, சின்ன அடுப்பையே வாங்கிக்கொண்டு வந்தது.

சோதனை நாள் வந்தது. புகைத்தடை அதிகாரி ஒரு கொக்கு. கழுத்தில் புகைமானி என்ற கருவியைத் தொங்கவிட்டு, கக்கத்தில் படிவக் கட்டோடு வந்து ஒற்றைக்காலில் நின்றது. வடிவு நரி சொன்னபடியே காய்ந்த விறகைக் குளிப்பாட்டாமல் வைத்து மூட்டியது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அண்டை வீட்டார் "அடிப்பாவி, குளிப்பாட்டாம அப்படியே வைக்கிறாளே" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள்.

அடுப்பு ஜம்மென்று எரிந்தது. புகைபோக்கி வழியாக ஒன்றுமே வரவில்லை. வளை முழுவதும் கதகதப்பு. பரஞ்சோதி வாலை ஆட்டிப் பார்த்தது, ஆடியது. கொக்கு புகைமானியைத் தட்டியது, குலுக்கியது, ஊதியது. முள் அசையவே இல்லை.

"புகை எங்கேம்மா?"

"வராது சார். அதுக்குத்தானே வாங்கினது."

"வரலைன்னா நான் எதை அளக்கிறது?" கொக்கு படிவத்தைத் திருப்பிக் காட்டியது. புகையின் அளவு என்று போட்டு, ஒன்றிலிருந்து பத்துவரை கட்டங்கள் இருந்தன. ஐந்துவரை வந்தால் சான்றிதழ் உண்டு, ஆறிலிருந்து அபராதம். "பாத்தீங்களா? சைபருக்குக் கட்டமே இல்லை."

"ஒண்ணுன்னு போட்டுக்குங்களேன் சார்."

"பொய் எழுதச் சொல்றீங்களா? இருபது வருஷ சர்வீஸ்மா எனக்கு!" கொக்குக்குக் கோபம் வந்துவிட்டது. தூக்கி வைத்திருந்த காலை அடுப்புக்கு நேராக நீட்டி இதமாகச் சூடு காட்டிக்கொண்டே, 'அடுப்பு எரியவில்லை' என்று எழுதியது. பிறகு காலை மாற்றி, மற்றதற்கும் சூடு காட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டது. நெருப்பை அவித்து, அடுப்புக் கதவில் அரக்கு வைத்து முத்திரை குத்தியது. "அடுத்த மாசம் மறுசோதனை. அதுக்குள்ள முத்திரையை உடைச்சா ஜெயில்தான். வர்ற தடவையாவது புகையோட இருங்க."

வடிவு கடைக்கு ஓடியது. நரி படிவத்தைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தது. "என் வம்சத்துலயே முதல் தடவையா ஒரு நல்ல பொருளை வித்தேன் அக்கா. அது ரொம்ப நல்லா இருக்குன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்களே" என்று புலம்பியது.

அண்டை வீட்டாருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "குளிக்காத விறகை வச்சா எப்படி விளங்கும்?" என்றார்கள்.

மார்கழி வந்தது. மேகம் வந்தது. வெயில் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பரஞ்சோதி, கஞ்சிக்காகத் திறந்த வாய் திறந்தபடியே விறைத்துவிட்டது. அடுப்பு அரக்கு முத்திரையோடு பக்கத்திலேயே சும்மா நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க வடிவுக்கு வயிறு எரிந்தது. அழக்கூட விடாமல் வாசலில் மூங்கில் சத்தம் கேட்டது.

"தாயி, இந்தத் தடவை நிச்சயம்" என்றது வேலாயுதம்.

"அண்ணே, உசிரு இருக்கு அண்ணே! இன்னிக்கு மறுசோதனை. சார் வந்து முத்திரையை எடுத்துட்டா நெருப்பு வச்சுடுவேன். ஒரு நாழி பொறுங்க."

"நல்ல நேரம் முடியப்போகுதும்மா. குழி வேற வெட்டியாச்சு. வெட்டின குழியைச் சும்மா விட்டா ஊருக்கு ஆகாது."

பேச்சுப் பேச்சாக இருக்கும்போதே பரஞ்சோதியைப் பாடையில் கிடத்திக் கயிறு கட்டித் தோளிலும் ஏற்றிவிட்டார்கள். அதே சமயம் கொக்கு வந்து, பாடையைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தது. முத்திரையை உடைத்தது. வடிவுக்கு அப்போது மேல்துளையும் தெரியவில்லை, கீழ்த்துளையும் தெரியவில்லை. நரி சொன்னதெல்லாம் மறந்துபோனது. ஊர் சொன்னது மட்டும் காதில் நின்றது. குடத்துத் தண்ணீரை விறகின் தலையில் கவிழ்த்தது. மஞ்சளை அப்பிப் பொட்டு வைத்தது. கும்பிட்டுக்கொண்டே அடுப்பில் தள்ளி மூட்டியது.

அப்புறம் யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை.

புகை அடுப்பின் எல்லாத் துளைகளிலிருந்தும் வந்தது. துளை இல்லாத இடத்திலிருந்தும் வந்தது. முள்ளம்பன்றிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்றை ஒன்று குத்தி அலறின. கொக்கு இருமி இருமிக் கறுத்துப்போனது. ஆனால் அதன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வருதும்மா, வருது! மூணு... நாலு... அஞ்சு!" என்று கத்தியது. புகைமானியின் கண்ணாடியில் கரி அப்பி, முள் அதற்குமேல் தெரியவில்லை. தெரிந்தவரையில் ஐந்துதான்.

அப்போது பாடையிலிருந்து ஓர் இருமல் கேட்டது. வேலாயுதம் பாடையைக் கீழே போட்டது. அடுப்புச் சூடும் புகையும் சேர்ந்து ஏறியதில் பரஞ்சோதி கயிற்றோடு எழுந்து உட்கார்ந்து இன்னொரு தடவை இருமியது. வடிவு அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதது. அழுகையில் பாதி பாசம், மீதி புகை.

'புகை குறைந்த அடுப்பு, முதல் தரம்' என்று கொக்கு சான்றிதழ் எழுதிக் கொடுத்தது. அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. சோதனையின்போது எரித்த முறையிலேயே தினமும் எரிக்க வேண்டும்.

அன்று முதல் வடிவு தினமும் விறகைக் குளிப்பாட்டியது. அதைப் பார்த்து மேல்சரிவு முழுவதும் ஆளுக்கொரு முதல்தர அடுப்பு வாங்கி, விறகைக் குளிப்பாட்டிச் சான்றிதழ் வாங்கியது. பகலில் விளக்கு வைத்துக்கொண்டு நடந்தார்கள். மயிலின் தோகை அடுப்புக்கரி நிறத்துக்கு வந்தது. அது மறுபடி சிங்கத்திடம் அழுதது. சிங்கம் அழுவது யார் என்று பார்த்தது, அடையாளம் தெரியவில்லை. "இதெல்லாம் சான்றிதழ் வாங்கின புகை. அது படியாது. காக்கையெல்லாம் வந்து கூச்சல் போடாதே" என்று அனுப்பிவிட்டது.

நரி கடையில் 'புகை வராது' என்று பலகை வைத்திருந்தது. பொய் விளம்பரம் என்று சொல்லி அந்தப் பலகையைப் பிடுங்கிப் போனார்கள். நரி இரண்டு நாள் அழுதது. மூன்றாம் நாள் 'குளித்த விறகு, மஞ்சள் பூசியது, பொட்டு இலவசம்' என்று வேறு பலகை மாட்டியது. வரிசை ஆற்றங்கரைவரை நின்றது.

பரஞ்சோதி விஷயத்தில் அண்டை வீட்டார் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் இருமல் கேட்டால் ஆள் இருக்கிறது, கேட்காவிட்டால் வேலாயுதத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

தையில் ஒருநாள் வடிவுக்கு இடுப்பு வலி. ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுக்க முடியவில்லை. சத்தம் போடாமல் காய்ந்த விறகை எடுத்து அப்படியே அடுப்பில் வைத்தது. அடுப்பு ஜம்மென்று எரிந்தது. புகை இல்லை, இருமல் இல்லை. பரஞ்சோதி மல்லாந்து படுத்து, "இப்படித் தூங்கி எவ்வளவு நாளாச்சு வடிவு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியது.

விடிந்ததும் கதவைத் தட்டினார்கள். வாசலில் கொக்கு நின்றது, புகைபோக்கியில் புகை காணவில்லை என்ற நோட்டீஸோடு. அதன் பின்னால் நாலு முள்ளம்பன்றிகள் நின்றன, மூங்கிலோடு.

பரஞ்சோதி நோட்டீஸைப் பார்த்தது. மூங்கிலைப் பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கும்படி இருமியது. வடிவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குடத்தை எடுத்தது.

நீதி: நல்லவர்களே, கொஞ்சம் கெட்டுப்போங்கள். ஐந்துவரை கெடலாம், அதற்குத்தான் படிவத்தில் கட்டம் இருக்கிறது.