பச்சை ஸ்டிக்கர் நோயாளி

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்த அன்று பல் டாக்டர் ஒரு சபதம் எடுத்தார். அவர் வாழ்க்கையில் இது இரண்டாவது சபதம். முதல் சபதம் கல்யாணத்துக்கு மறுநாள் எடுத்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் உடைந்துபோனது, அதை விடுங்கள். இந்தச் சபதம் என்னவென்றால், ஆய்வு முடிகிறவரை கிளினிக்கில் தன் பேச்சு மட்டும்தான் எடுபட வேண்டும். மனைவி பேசக் கூடாது. முடிந்தால் மனைவி அங்கே இருக்கவே கூடாது.

மனைவியும் பல் டாக்டர்தான். தொல்லையே அதுதான். ஒரே வகுப்பில் படித்தவர்கள், கோணல் பல்லைக் கிளிப் போட்டு நேராக்கும் மேல்படிப்பையும் சேர்ந்தே முடித்தவர்கள், சேர்ந்தே கிளினிக் நடத்துகிறவர்கள். வாசல் பலகையில் அவர் பெயர் மேலே, மனைவி பெயர் கீழே. உள்ளே போனால் தலைகீழ்.

ஊரில் உள்ள பல்லையெல்லாம் நேராக்குகிற டாக்டருக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், "ஒரு கிளிப் போட்டுவிடறேன், உட்காருங்க" என்று. டாக்டர் பிடி கொடுக்கவில்லை. கிளினிக்கில் காலையில் மாட்டிய மாஸ்கைச் சாயங்காலம்தான் கழற்றுவார். நோயாளிகள் அவரைச் சுத்தத்துக்குப் பேர்போனவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வு விளையாட்டு விஷயம் இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயம். கருவிகளைச் சுத்தம் செய்கிற விதத்திலோ, எக்ஸ்ரே அறையிலோ, நோயாளி விவரத்திலோ ஒரு பொய், ஒரு அலட்சியம் கண்ணில் பட்டால் அதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். கிளினிக்கைப் பூட்ட வேண்டியதுதான். வாய் நிறையக் கம்பியோடு பாதி சிகிச்சையில் நிற்கிற பிள்ளைகள் எங்கே போகும்? இதை நினைத்து டாக்டர் நிஜமாகவே பயந்தார். ஆனால் அது பாதி பயம்தான். மீதி பயம் மாடல் அறையின் மேல்தட்டில் இருந்தது.

அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிளிப் போட வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் பல்லுக்கு அளவெடுப்பார்கள். குழைத்த மாவை ஒரு தட்டில் வைத்து வாய்க்குள் அமுக்கி, அந்த அச்சில் வெள்ளைச் சுண்ணக்கலவையை ஊற்றினால் அச்சு அசலாக அதே பல்வரிசை வரும். அதுதான் மாடல். ஆளுக்கு ஓர் அட்டைப்பெட்டி, பெட்டிமேல் பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர். சிகிச்சை முடிந்தவர்களுக்கு மஞ்சள், நடந்துகொண்டிருப்பவர்களுக்குப் பச்சை. மஞ்சள் பெட்டிகளை ரிசப்ஷன் பெண் அவ்வப்போது பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். பச்சைப் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள்.

ரத்தப் பரிசோதனையில் டாக்டருக்குச் சர்க்கரை தலைகாட்டியதும் மனைவி வீட்டிலிருந்த இனிப்பையெல்லாம் வழித்துத் துடைத்து வெளியேற்றினாள். சர்க்கரை டப்பாவில்கூட ஊசியும் நூலும்தான். அப்போதுதான் டாக்டர் மூளையைக் கசக்கி ஒரு நோயாளியைப் படைத்தார். பெயர் வைத்தார். பெட்டி போட்டார். உள்ளே மிட்டாய், டாஃபி, சாக்லேட் என்று அடுக்கினார். மேலே ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, தானே நாற்காலி போட்டு ஏறி மேல்தட்டில் வைத்தார். சிகிச்சை முடியாத வரைக்கும் பெட்டி அங்கேயேதான் இருக்கும். சிகிச்சை முடிவதாக இல்லை.

ரிசப்ஷன் பெண் அந்த நோயாளிக்கு "வராதவர்" என்று பெயர் வைத்திருந்தாள்.

"சார், இந்த வராதவர் எப்பதான் வருவார்?"

"வெளியூர்ல வேலைம்மா. பாவம், லீவு கிடைக்கல."

"பல்லு அதுக்குள்ள விழுந்துடப் போகுது சார்."

"நீ போன் எடு. மணி அடிக்குது பார்."

ஆய்வுக்கு முதல்நாள் காலை, டாக்டர் மனைவியிடம் நைசாகப் பேச்செடுத்தார்.

"நாளைக்கு நீ வேணா உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன். ரொம்ப நாளாச்சு."

"அக்காவே இங்க வரேன்னா. ஆய்வு இருக்கு, அப்புறம் வான்னு சொல்லிட்டேன்."

"அப்ப வீட்டுல ரெஸ்ட் எடு. முகமே வாடிக் கெடக்கு."

"நேத்துதான் முகம் பளிச்சுனு இருக்குன்னு சொன்னீங்க."

"அது நேத்து."

"நான் என்ன பண்ணக் கூடாதுங்கறீங்க? அதை நேரா சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல. மாடல் ரூமை நானே தனியா சுத்தம் பண்ணிக்கறேன். உனக்கு எதுக்குத் தூசியும் தும்மலும்."

"அதை முந்தாநாளே முடிச்சாச்சு."

டாக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேல்தட்டையுமா?"

"மேல்தட்டு என்ன, வேற ஊரா? எல்லாத்தையும் எறக்கித் தொடச்சு, எது எங்க இருந்துச்சோ அங்கயே வெச்சேன்."

"பெட்டியெல்லாம்... திறந்து பாத்தியா?"

"எதுக்குப் பாக்கணும்? உள்ள பல்லுதானே இருக்கப் போகுது."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு வெள்ளை மனசுக்காரியைச் சந்தேகப்பட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் சபதம் சபதம்தான்.

"நாளைக்கு அதிகாரிகிட்ட நான்தான் பேசுவேன்."

"பேசுங்க. நீங்களா கேட்டா ஒழிய நான் வாயே திறக்க மாட்டேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பார்கள். டாக்டர் சந்தோஷமாக இன்னொரு காபி கேட்டார்.

அன்று முழுக்கக் கிளினிக்கில் நோயாளிக் கூட்டம். பெட்டியைக் கடத்த ஒரு சந்து கிடைக்கவில்லை. ஆய்வு நாளன்று காலையில் முதல் ஆளாக வந்து, விளக்குகூடப் போடாமல் இருட்டிலேயே மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினார். கனம் சரியாக இருந்தது. ஆட்டினார். உள்ளே ஏதோ இடித்தது. சரக்கு பத்திரம். மூடியில் கை வைத்த நேரம் பார்த்து, ரிசப்ஷன் பெண் கதவுக்கு வெளியே நின்று, "சார், அதிகாரி வந்துட்டாங்க" என்றாள். பெட்டி அவசரமாக மேல்தட்டுக்கே போனது.

அதிகாரி ஒரு நடுவயது அம்மாள். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். கருவி அறையைப் பார்த்தார், எக்ஸ்ரே அறையைப் பார்த்தார், கைகழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்த்தார். டாக்டர் பின்னாலேயே போய் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்னார். கேட்காததற்கும் சொன்னார். மனைவி சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு கூட வந்தாள். டாக்டர் நொடிக்கொரு தரம் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நோயாளிக்கு நீங்க என்ன அறிவுரை சொல்றீங்க? கிளிப் போட்டவங்க எதைச் சாப்பிடக் கூடாது?"

டாக்டருக்கு இது தண்ணி பட்ட பாடு. "மிட்டாய் கூடாது மேடம். டாஃபி கூடவே கூடாது. சாக்லேட், ஒட்டற இனிப்பு, கடிக்கற இனிப்பு எதுவும் கூடாது. கிளிப் பிஞ்சு கையோட வந்துடும். கழட்டற வரைக்கும் நாக்கைக் கட்டிப் போடணும்."

"நல்லா சொல்றீங்க" என்றார் அதிகாரி. மனைவியும் தலையாட்டினாள்.

மாடல் அறைக்கு வந்தார்கள். அதிகாரி தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பச்சை ஸ்டிக்கர் எதுக்கு?"

"சிகிச்சை நடந்துட்டிருக்கறவங்க மேடம்."

"இருக்கறதிலேயே ரொம்ப நாளா சிகிச்சையில இருக்கறது யாரு? அந்தப் பெட்டியை எடுங்க."

டாக்டர் கூரையைப் பார்த்தார். வாசலில் நின்ற ரிசப்ஷன் பெண் பாய்ந்து பதில் சொன்னாள். "அது நம்ம வராதவர்தான் மேடம். மேல்தட்டு." சொன்னதோடு நிற்காமல் நாற்காலியையும் இழுத்துப் போட்டாள்.

பெட்டி மேஜைக்கு வந்தது. லைசென்ஸ் போச்சு, மானம் போச்சு, வீட்டுக்குப் போனால் சாப்பாடும் போச்சு என்று டாக்டர் வரிசையாக நினைத்தார். பாதி சிகிச்சையில் இருக்கிற பிள்ளைகளின் முகமெல்லாம் கண்முன் வந்தது. ஒரு மிட்டாய்க்காகவா என்று தன்னையே நொந்துகொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தெத்துப்பல்" என்றார் அதிகாரி.

டாக்டர் கண்ணைத் திறந்தார். பெட்டிக்குள் மிட்டாய் இல்லை. வெள்ளை வெளேரென்று ஒரு மேல்வரிசை மாடல். ஒரு பக்கம் தெத்துப்பல் துருத்திக்கொண்டு நின்றது. எங்கேயோ பார்த்த பல். பெட்டியைத் திருப்பினார். பழைய பெயர் இருந்த இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. மனைவியின் கையெழுத்து. பச்சை ஸ்டிக்கர் மட்டும் அவர் ஒட்டியதேதான்.

"புது அளவுமாவு எப்படி இருக்குன்னு பாக்கணும், கொஞ்சம் வாயைத் திறங்க" என்று போன மாதம் அவள் சொன்னதும், மேல்வரிசைக்கு ஒரு தரம், கீழ்வரிசைக்கு ஒரு தரம் இவர் திறந்து காட்டியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"யார் இந்த நோயாளி?"

டாக்டர் வேறு வழியில்லாமல் மனைவியைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார். சபதம் அதோடு சரி.

"இவர்தான் மேடம். என் வீட்டுக்காரர்."

"மாஸ்கைக் கழட்டுங்க டாக்டர்."

கழற்றினார். அதிகாரி மாடலை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, மாடலையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். ரிசப்ஷன் பெண் முதல்முறையாக முதலாளியின் பல்லைப் பார்த்தாள்.

"மாடல் சரியா இருக்கு. கீழ்வரிசை எங்க?"

"அது தனியா வெச்சிருக்கேன் மேடம். பத்திரமா இருக்கு" என்றாள் மனைவி.

"சரி. ஆனா பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, வாயில கிளிப்பைக் காணோமே. சிகிச்சை நடக்குதா, இல்ல ஸ்டிக்கர் பொய்யா? பொய்னா நான் கையெழுத்துப் போட முடியாது."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஆரம்பிக்கறோம் மேடம்" என்றார் டாக்டர். குரல் எங்கிருந்தோ வந்தது.

"நல்லது. அடுத்த முறை வரும்போது இந்தப் பல்லைத்தான் முதல்ல பாப்பேன்." அதிகாரி கையெழுத்துப் போட்டார். கிளினிக் பிழைத்தது.

அவர் போனதும் மனைவி நோயாளி நாற்காலியைத் துடைத்தாள். டாக்டர் மறுபேச்சில்லாமல் ஏறிப் படுத்தார். எத்தனையோ பேரைப் படுக்கவைத்த நாற்காலி, இப்படி முதுகை உறுத்தும் என்று அவருக்குத் தெரியாது.

"கோவமா?" என்று கேட்டாள்.

"இத்தனையும் பண்ணினியே, திருட்டைக் கண்டுபிடிச்சப்ப நேரா ரெண்டு திட்டுத் திட்டியிருக்கலாமே."

"திட்டினா இடத்தை மாத்துவீங்க. சாப்பிடறதை நிறுத்த மாட்டீங்க." கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள். "எங்கப்பாவும் இப்படித்தான் ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிட்டார். கடைசியில சர்க்கரை கண்ணை எடுத்துக்கிச்சு. நான் போய் எதிர்ல நின்னா, என் முகத்தைக் கையால தடவிப் பாத்துதான் யாருன்னு சொல்வார். நீங்களும் என்னை அப்படித் தடவிப் பாக்கணுமா?"

மாமனாரின் அந்தக் கையை டாக்டரும் பார்த்திருக்கிறார். அவள் மேல் இருந்த கோபம் கரைந்து, பாசமும் வெட்கமும்தான் மிஞ்சின. வாயைத் திறந்தார். அவள் உதட்டை விலக்கும் கருவியைப் பொருத்தினாள். இனிமேல் அவர் நினைத்தாலும் பேச முடியாது.

முதல் கிளிப் ஒட்டப்பட்டது. தெத்துப்பல்லுக்கு ஒன்று. அடுத்ததற்கு ஒன்று. இருந்தாலும் மனுஷ மனசு லேசில் அடங்குமா? மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டே டாக்டர் உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொண்டார். வராதவர் போனால் போகிறார். வராதவருக்கு ஒரு தம்பியையும் அவர் எப்போதோ படைத்து வைத்திருந்தார். அவனுக்கும் ஒரு பெட்டி, ஒரு பச்சை ஸ்டிக்கர். அடித்தட்டில், சுவரோரமாக, எக்ஸ்ரே கவர்களுக்குப் பின்னால். அதில் இருப்பதெல்லாம் வாயில் வைத்தால் கரைகிற சாக்லேட். கிளிப்பை ஒன்றும் செய்யாது. இந்த விஷயம் உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

மேல்வரிசை முடிந்தது. மனைவி நிமிர்ந்து கழுத்தைச் சொடுக்கிக்கொண்டாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி ரிசப்ஷன் பெண்ணிடம் சொன்னாள்.

"கீழ்வரிசை மாடலை எடுத்துட்டு வாம்மா. அடித்தட்டுல எக்ஸ்ரே கவருக்குப் பின்னாடி, வராதவரோட தம்பி பெட்டியில இருக்கு."