ஐந்து டாக்டர்களும் ஒரு பசுவும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதும் வணக்கம். இங்கே நானும் தங்கள் மகளும் பேத்தியும் நலம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் தணிந்திருக்கும் என நம்புகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இரவல் வாங்கிப்போன தங்கள் கம்பளிக் கோட்டு இனி உடுத்த உதவாது. சலவைக்கடைக்காரர் அதைக் குச்சியால் தூக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபப்படுவதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள்.

சென்ற சனிக்கிழமை எங்கள் வரலாற்றுத் துறை ஆசிரியர்கள் ஐந்து பேரும், இலையுதிர் காலத்து மரங்கள் சிவந்து நிற்பதைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம் என்று வாடகை வேனில் கிளம்பினோம். ஓட்டியது துறைத்தலைவி. பழங்காலச் சாலைகளைப் பற்றி எழுநூறு பக்கம் எழுதியவர், நேர்சாலையில் மூன்று முறை வழி தவறினார். எங்கள் ஐவரில் இளையவர், யார் எதைச் சொன்னாலும் ஒரு திருத்தம் சேர்ப்பதால், அவருக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். "மேடம், துல்லியமாச் சொன்னா இது சாலையில்ல, வாய்க்கால்" என்று அவர் முடிப்பதற்குள் வேன் சேற்றில் இறங்கிவிட்டது. தள்ளினோம். வேன் நகரவில்லை, நாங்கள்தான் புதைந்தோம்.

அப்ப வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பண்ணைக்கார அம்மா ஒருத்தர் ஓடி வந்தாங்க. வலது கையில மாவுக்கட்டு. திட்டத்தான் வர்றாங்கன்னு நான் வேனுக்குப் பின்னால ஒளிஞ்சேன். அவங்களோ, "உங்கள்ல யாராவது டாக்டரா?"ன்னு மூச்சு வாங்கக் கேட்டாங்க. எங்க தலைவி நிமிர்ந்து, "எல்லாருமே டாக்டர்தான்"னுட்டாங்க. முப்பது வருஷப் பழக்கம் மாமா, வாயில தானா வந்துடுது. "அது வந்து, முனைவர் பட்டம்..."னு அடிக்குறிப்பு இழுத்தார். வாழ்க்கையிலேயே திருத்த வேண்டிய ஒரே இடத்துல அவர் சொன்னது யார் காதுலயும் விழல.

தொழுவத்துல பசு படுத்துக் கிடக்குது. கன்னோட முன்னங்கால் ரெண்டும் வெளிய தெரியுது. தலை உள்ளயே பின்பக்கமாத் திரும்பி மாட்டிக்கிச்சாம். மாட்டு டாக்டர் வர ரெண்டு மணி நேரமாகும். "அதுவரைக்கும் தாங்காது. என் கை இப்படிக் கிடக்கு. ஒல்லியா ஒரு கை வேணும்"னாங்க அந்த அம்மா. எல்லாரும் அடிக்குறிப்பைப் பார்த்தோம். மனுஷன் வெளிறிப் போயிட்டார். ஆனா மறுபேச்சில்லாம சட்டையைக் கழட்டித் தோள் வரைக்கும் சோப்புப் போட்டுக்கிட்டார். கன்னத்தைப் பசு மேல சாய்ச்சு, கண்ணை மூடி, உள்ள துழாவுறார். "கழுத்து... காது... மூக்கு கிடைச்சிடுச்சு. ஐயோ, என் விரலைச் சப்புது!"ன்னார். உலகத்துக்கே இன்னும் வந்து சேராத ஒரு உசிரு, விரலைப் புடிச்சுச் சப்புது மாமா!

தலையை நேராக்கினதும், கன்னு கால்ல கயிறு கட்டி, பசு முக்கும்போதெல்லாம் இழுத்தோம். துணைவேந்தர் வந்தாலும் எழுந்திருக்காத எங்க தலைவி, சாணியில மண்டி போட்டு, "இன்னும் கொஞ்சம்தாண்டி தங்கம்"னு பசு காதுல கெஞ்சுறாங்க. வழுக்கிக்கிட்டு வந்து விழுந்துச்சு கன்னு. அசைவில்ல. "தேய்ங்க! எதை வச்சாவது தேய்ங்க!"ன்னு அந்த அம்மா கத்த, என் உடம்புல இருந்தது உங்க கோட்டுதான். கண்ணுல தண்ணி வழிய வழியத் தேய்ச்சேன். திடீர்னு ஒரு தும்மல் போட்டுச்சு பாருங்க, அந்தச் சத்தத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அரை மணியில நாலு காலும் நாலு திசைக்கு இழுக்க எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து நின்னுடுச்சு. மேடை கிடைச்சா இறங்காத அஞ்சு பேரும் சாணிக் கையோட கைதட்டினோம். எத்தனையோ ராஜாக்களோட பிறந்த வருஷத்தைப் பிள்ளைங்களை ஒப்பிக்க வச்சிருக்கேன். உங்க பேத்தி பிறந்தப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல மயங்கி விழுந்தவன்தானே நான்? ஒரு பிறப்பைக் கண்ணால பார்த்தது இதுதான் முதல் தடவை.

பக்கத்துப் பண்ணை டிராக்டர் எங்கள் வேனை இழுத்துவிட்டது. திரும்பும் வழியில் எந்த மரம் சிவந்திருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. நாங்கள் ஐவரும் இல்லையென்றால் அந்தப் பசுவுக்குக் கதியில்லை என்பதைத் தாங்கள் நாலு பேரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அத்தைக்கு என் பணிவான வணக்கம். தாங்கள் இருவரும் நோய்நொடியின்றி நூறாண்டு இருந்து எங்களை வாழ்த்த வேண்டும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: பண்ணைக்கார அம்மா இப்போதுதான் போன் செய்தார். எங்கள் வேன் கண்ணுக்கு மறைந்த கொஞ்ச நேரத்தில் பசு இன்னொரு கன்றும் போட்டதாம். இரட்டை. ஐந்து டாக்டர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கயிறில்லை, கெஞ்ச ஆளில்லை. அவர் தண்ணீர் எடுத்து வருவதற்குள் தானே ஈன்று, நக்கி, எழுப்பி நிறுத்திவிட்டதாம். "நீங்கள்லாம் கிளம்பினது நல்லதாப் போச்சு. கூட்டம் கலைஞ்சதும் நிம்மதியாப் போட்டுடுச்சு" என்றார்.