ரெண்டு மொழியில் ரிப்பேர்

வயது இருபத்துமூன்று. வீட்டில் கூப்பிடும் பெயர் படபடா. தற்போது இருக்குமிடம், மாமாவின் கடை மேஜைக்கு அடியில். வயர் தேடுவதுபோல ஒரு பாவனை. மேலே மாமா ஒற்றை விரலால் போனில் கடைப் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மச்சான், நம்ம கடை வரலியே.”

“சரியா அடிச்சீங்களா மாமா?”

“என் கடைப் பேரு எனக்குத் தெரியாதா? செருப்புக் கடை வருது. பூனை ஆஸ்பத்திரி வருது. நம்ம கடை மட்டும் வரல.”

“கூகுளுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கணும் மாமா. அது ஒவ்வொரு சைட்டா வந்து பாத்துட்டுப் போகும்.”

“நடந்தா வருது? போன வாரமும் இதையேதான் சொன்னே.”

படபடாவுக்கு மேஜைக்கு அடியிலேயே வியர்த்தது. அவன் கவலைக்குக் காரணம் இருந்தது. மாமா வாஷிங் மெஷின் மெக்கானிக். போன மாதம்வரை ஒரு பெரிய ரிப்பேர் கம்பெனியில் இருந்தார். அதன் முதலாளிக்கு யூனிஃபார்ம் பைத்தியம். மெக்கானிக்கிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லோருக்கும் பளபளக்கும் ஆரஞ்சுச் சட்டை. அதனாலேயே ஊரில் அவருக்குச் சட்டை முதலாளி என்று பெயர். அந்தச் சட்டையில் போக்குவரத்து விளக்கு மாதிரி தெரிகிறேன் என்று சொல்லி, மாமா வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையிலேயே சொந்தமாகக் கடை போட்டார்.

சட்டை முதலாளி கோபப்படவே இல்லை. சிரித்தார். “போயிட்டு வா. உன் சட்டையைத் துவைச்சு மடிச்சு வெக்கறேன். மாசக் கடைசில நீயே வந்து கேப்பே.”

“அந்தச் சட்டையை மறுபடி போட்டா என் பேரை மாத்திக்கறேன்” என்று மாமா சபதம் போட்டுவிட்டு வந்தார். வீட்டில் அவர் மனைவி, படபடாவின் அக்காவும் அதே மாசக் கடைசியைத்தான் கெடுவாக வைத்தாள். அதற்குள் போன் அடிக்க வேண்டும். இல்லையென்றால் ஆரஞ்சு.

அப்போதுதான் இந்த ஊருக்கு வந்து, அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருந்த படபடா வாயை விட்டான். “சைட் நான் பண்றேன் மாமா. ரெடிமேட்லாம் வேணாம். அஸ்திவாரத்துலேர்ந்து என் கையால கட்டறேன். நம்ம ஆளுங்களுக்குத் தமிழ்ல, இந்த ஊர்க்காரங்களுக்கு அவங்க பாஷையில. ஒரு பக்கம் தமிழ்ல வெச்சா, சைட்டே அதை மொழிபெயர்த்து, இன்னொரு பாஷையில அதோட ஜோடியைப் பண்ணிக்கும்.”

கட்டினான். தமிழில் தட்டச்சு செய்ய அவன் விரல் வணங்காது. அம்மாவுக்குச் சேதி அனுப்புவதே வாயால்தான். போனைப் பிடித்துக்கொண்டு சொன்னால் அது எழுதிக்கொள்ளும். சைட்டுக்கும் முதலில் சமையலறையில் நின்றபடி அப்படிச் சொல்லிப் பார்த்தான். சரியாக வரவில்லை. அதை ‘சோதனை’ என்று ஓரமாகப் போட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, கண்ணியமாக வேறொரு பக்கம் எழுதினான். எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. கண்ணில் படவில்லை என்பது ஒன்றுதான் குறை.

மேஜைக்கு அடியிலேயே லேப்டாப்பைத் திறந்து பார்த்தவனுக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்தது. கட்டி முடிக்கும்வரை யாரும் பார்க்க வேண்டாமென்று அவனே ஒரு வரி எழுதி வைத்திருந்தான். ‘இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே.’ அதை எடுக்க மறந்துவிட்டான். கூகுள் வாசல்வரை வந்து, அதைப் படித்துவிட்டு, மரியாதையாகத் திரும்பிப் போயிருக்கிறது. ஊரையே விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலைப் பூட்டி வைத்த கதை.

வரியை எடுத்தான். இரண்டு நாளில் கடை தேடலில் வந்தது. மாமா அவனைக் கட்டிப்பிடித்தார். போனும் அடித்தது.

முதல் போன் இந்த ஊர்க்காரர் ஒருவர். மாமா ஸ்பீக்கரில் போட்டார். கேட்டவர் பணிவாகத்தான் கேட்டார். “ஐயா, உங்க சைட்டைத் திறந்தேன். எல்லாம் வட்டம் வட்டமா, சுழி சுழியா இருக்கு. இது டிசைனா?”

அடுத்த போன் ஒரு தமிழ் அம்மா. “ஏம்ப்பா, தமிழ்ல தேடினா இந்த ஊர் பாஷையில வருதே! தாய் பாஷையை மறந்துட்டீங்களா?”

மாமா மச்சானைப் பார்த்தார். மச்சான் விட்டத்தைப் பார்த்தான்.

எந்தப் பக்கம் எந்த மொழி என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பைத் தலைகீழாக எழுதியிருந்தான். தமிழ் கேட்டவருக்கு இந்த ஊர் பாஷை, இந்த ஊர் பாஷை கேட்டவருக்குத் தமிழ். குறிப்பை மாற்றினாலே போதும். ஆனால் பதற்றத்தில் இருப்பவனுக்குப் போதும் என்ற சொல் தெரியாது.

“கவலைப்படாதீங்க மாமா. ஆளு உள்ள வந்ததும் அவங்க போன்ல என்ன பாஷைன்னு பாத்து, நானே சரியான பக்கத்துக்குத் தள்ளி விட்டுடறேன்.”

“தள்ளிவிடறதா? பாத்துடா, விழுந்துடப் போறாங்க.”

விழவில்லை. அதைவிட மோசம். தமிழ்ப் பக்கம், தலைகீழ்க் குறிப்பைப் பார்த்துவிட்டு, வந்தவரை மற்றப் பக்கத்துக்குத் தள்ளியது. மற்றப் பக்கம் ‘உங்க போன் தமிழாச்சே’ என்று திருப்பித் தள்ளியது. மாமா போனில் திறந்தார். திரை மினுக்கியது, சுற்றியது, மினுக்கியது, சுற்றியது. மாமா போனைக் காதில் வைத்துக்கூடப் பார்த்தார். மெஷின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்கும் பழக்க தோஷம்.

“மச்சான், இது ஸ்பின்ல மாட்டிக்கிச்சுடா.”

“இது ரீடைரக்ட் மாமா, கொஞ்சம்…”

“எனக்குச் சொல்லாதே. பத்து வருஷமா இதைத்தான் பாக்கறேன். ஸ்பின்ல மாட்டினா ஒரே வழிதான். பிளக்கைப் புடுங்கு. முதல்லேர்ந்து ஆரம்பி.”

பிடுங்கினான். தள்ளுவதை நிறுத்தினான். குறிப்பை நேராக்கினான். கடைசியில், இனி எதையும் தன் கையால் பொறுக்கிக் கொடுத்துத் தப்பு செய்ய வேண்டாமென்று, சைட்டில் இருக்கும் எல்லாப் பக்கத்தையும் ஒன்றுவிடாமல் திரட்டிக் கூகுளிடம் கொடுக்கும்படி ஒரு ஏற்பாடு செய்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினான்.

அந்த வாரக் கடைசியில் போன் அடித்தது. வைத்ததும் மறுபடி அடித்தது. மாமா சாப்பிடப் போனால் அடித்தது, கை கழுவப் போனால் அடித்தது.

“பாத்தீங்களா மாமா? இதுக்குப் பேருதான் டெக்னிக்கல்” என்றான் படபடா. ஊருக்கு வந்ததிலிருந்து அன்றுதான் அவன் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்தான்.

ஆனால் ஒரு சின்னச் சிக்கல். போன் செய்த யாருக்கும் மாமா வேண்டாம்.

“வணக்கம், வாஷிங் மெஷின் ரிப்பேர்…”

“வீட்டம்மா இருக்காங்களா?”

“நான்தாங்க மெக்கானிக்.”

“தெரியும். வீட்டம்மாகிட்ட குடுங்க.”

இந்த ஊர்க்காரர்களும் அதையே அவர்கள் பாஷையில் கேட்டார்கள். மாமா போனை அக்காவிடம் நீட்டினார், முகம் ஒரு மாதிரி ஆகி. அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, துணியைப் பிழிந்தபடியே பேசினாள்.

“சத்தமா? எப்படிச் சத்தம்? டப டபன்னா, கட கடன்னா? டப டபன்னா ஒரு காலு தரையில நிக்கலன்னு அர்த்தம். அட்டையை மடிச்சு அடியில வையுங்க. ம்… நின்னுடுச்சா? சரி, வெச்சுடறேன்.”

மாமா நெஞ்சில் கை வைத்தார். “ஏய், வர்ற கிராக்கியையெல்லாம் போன்லயே ரிப்பேர் பண்ணி அனுப்பறியே! நான் எதுக்கு இருக்கேன்?”

“அட்டை மடிக்கறதுக்கு மெக்கானிக் எதுக்குங்க? கேட்டாங்க, சொன்னேன்.”

“உன்னை எதுக்குடி கேக்கறாங்க?”

“எனக்கென்ன தெரியும்? ஒரு பொண்ணு ‘உங்க வீட்டு மெஷின் சரியாயிடுச்சா அக்கா’ன்னு வேற கேட்டா. அவளுக்கு எப்படித் தெரியும்?”

வீட்டு மெஷின் என்றதும் மாமா இருமிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அது பெல்ட் அறுந்து, மழைக்காலத்திலிருந்து மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தது. அதன்மேல் பூந்தொட்டி வேறு.

போன் ஓயாமல் அடித்தது. மாமாவின் கருவிப் பை அசையாமல் கிடந்தது. மாசக் கடைசி நெருங்க நெருங்க, படபடாவுக்குக் கனவெல்லாம் ஆரஞ்சு. ‘எல்லாம் சரியாத்தானே பண்ணினேன்!’ என்று லேப்டாப்பைத் திறப்பான். எதையாவது தொட்டால் மறுபடி சுற்றுமோ என்று மூடிவிடுவான்.

பிறகு மெல்ல ஒரு மாற்றம். அட்டைக்கு அடங்காத மெஷின்களும் ஊரில் இருந்தன. “இது என் கையில இல்லைங்க. பேரிங் போயிருக்கு. வீட்டுக்காரரை அனுப்பறேன்” என்று அக்கா சொல்ல ஆரம்பித்தாள். அக்கா சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. இலவசமாகச் சரி செய்து கொடுத்தவளே இது மெக்கானிக் வேலை என்றால், மெக்கானிக் வேலைதான். ஒரு மெஷின் கடைக்கு வந்தது. அதைப் பார்த்து ரெண்டு வந்தன. மாசக் கடைசியன்று கடைக்குள் கால் வைக்க இடமில்லை. மாமா மெஷின்களுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்தார். அக்கா போனும் கையுமாக ஓரத்தில் நின்றாள்.

சரியாக அன்றைக்குத்தான் வாசலில் கார் வந்து நின்றது. சட்டை முதலாளி இறங்கினார். கையில் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம். கிழிசலில் ஆரஞ்சுக் காலர் எட்டிப் பார்த்தது.

படபடாவின் கால் தானாக மேஜைக்கு அடியில் போகப் பார்த்தது. மாமா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“வாங்க முதலாளி. கடையைப் பாத்தீங்களா? நிக்க இடமில்ல. எல்லாம் என் மச்சான் மூளை. ரெண்டு பாஷை, டெக்னிக்கல். உங்களுக்குப் புரியாது.”

“நீதானா அது?” என்று முதலாளி படபடாவை ஏற இறங்கப் பார்த்தார். “மெஷின் டப டபன்னு அடிக்குதுன்னு தேடினா முதல்ல உங்க கடைதான் வருது. தண்ணி இறங்கலன்னு தேடினாலும் உங்க கடைதான். இந்த ஊர் பாஷையில தேடினாலும் அதேதான்.”

“நன்றிங்க” என்றான் படபடா, நெஞ்சை நிமிர்த்தி.

“எந்தப் பக்கம்னு பாத்தியா?”

முதலாளி போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார்.

“‘வணக்கம் எங்கள் கடைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம் டேய் நகரு வெங்காயம் எடுக்கணும் எங்கள் மெக்கானிக் பத்து வருட அனுபவம் உள்ளவர் அனுபவமா நம்ம வீட்டு மெஷினை முதல்ல பாக்கச் சொல்லு ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றாராம் இங்க நான் கையால துவைக்கறேன் அக்கா மெதுவா பேசு நான் ஏன்டா மெதுவா பேசணும்…’”

படபடாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்றுவிடாமல் திரட்டச் சொன்னான் அல்லவா? ஓரமாகப் போட்ட சோதனைப் பக்கத்தையும் திரட்டியிருக்கிறது. அது சும்மாயிராமல் இன்னொரு பாஷையிலும் ஜோடி செய்திருக்கிறது.

முதலாளி நிறுத்தவில்லை. “‘தண்ணி இறங்கலன்னா கீழே சின்ன மூடியைத் திற சாக்ஸ் சிக்கியிருக்கும் டப டபன்னா அட்டையை மடிச்சு வை இதுக்கெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிட்டா உன் தலையில மிளகாய் அரைப்பான் ஆனா பெல்ட் மாட்டறதுல என் வீட்டுக்காரரை அடிச்சுக்க ஆள் கிடையாது எப்ப மாட்டுவாருன்னுதான் தெரியாது அதையும் போடு.’”

“இதை நீ போட்டியா?” என்றார் மாமா.

“அக்கா போடச் சொன்னா” என்றான் படபடா, அழாக்குறையாக.

“நான் வெங்காயம் எடுக்கத்தான் வந்தேன்” என்றாள் அக்கா. “ஆனா சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. பெல்ட்டை மாட்டிட்டு மேல பேசுங்க.”

படபடா லேப்டாப்பின்மேல் பாய்ந்தான். “ஒரே நிமிஷம் மாமா, எடுத்துடறேன்!”

முதலாளி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “எடுத்தே, தெரியும் சேதி. ஜனங்க எப்படிக் கேக்கறாங்களோ அப்படியே இருக்கு. இந்த மாசம் என் கடையில போனே அடிக்கல. அடிச்சாலும், ‘அந்த அக்கா இல்லியா’ன்னு கேட்டுட்டு வெச்சுடறாங்க.”

மாமாவுக்கு அதைக் கேட்டதும் முதுகு நிமிர்ந்தது. போர்வை போர்த்திய மெஷினை மறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கடையில் இருந்த எல்லா மெஷின்களும் கேட்கும்படி பேசினார்.

“முதலாளி, உங்க உப்பைத் தின்னவன், அதனால மரியாதையாச் சொல்றேன். எம்பொண்டாட்டி வாய் இருக்கிறவரைக்கும் இந்தக் கடை ஓடும். பசியில கிடந்தாலும் கிடப்பேன், அந்த ஆரஞ்சுச் சட்டையை மட்டும் போட மாட்டேன். என் தோள் அதுக்கு வளையாது. கொண்டு வந்த மாதிரியே எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.”

படபடாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டலாமா என்றுகூட யோசித்தான்.

சட்டை முதலாளி பொட்டலத்தைப் பிரித்தார். சட்டையை உதறினார். ரெண்டு மெஷின்களுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து, மாமாவைத் தாண்டி, அக்காவுக்கு முன்னால் போய் நின்றார்.

“உன் தோளை யாருப்பா கேட்டா? தங்கச்சி, தோளைப் பிடிச்சு, கையைக் குறைச்சுத் தெச்சுட்டு வந்திருக்கேன், தயவுசெஞ்சு ஒரு தடவை போட்டுப் பாருங்க!”