இடது பெட்டி சரியில்லை

அன்பும் மரியாதையும் கலந்த மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகம் என்றே வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். தாள் சிறியது, விஷயம் பெரியது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள், தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்கள், கட்டைவிரல் தடிமனில் வயர்கள். ஒரு ஜோடி வாங்கும் விலைக்குச் சின்னதாக ஒரு கார் வாங்கலாம், வருகிறவர்களும் காரைத்தான் வாங்குகிறார்கள். பன்னிரண்டு வருடமாக என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "இதுல ப்ளூடூத் வருமா?" இரண்டாவது கேள்வியை மனைவிமார் கேட்பார்கள்: "இந்தப் பொட்டிக்குள்ள சாமான் வைக்க இடம் இருக்குமா?" ஒருவர் அரை நாள் உட்கார்ந்து கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் இணையத்தில் வாங்கினார். இன்னொருவர் என்னிடமே வாங்கி, ஒரு பெட்டியை ஹாலிலும் மற்றதைப் படுக்கையறையிலும் வைத்துவிட்டு, பாட்டு பாதிதான் கேட்கிறது என்று சண்டைக்கு வந்தார். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. பழகிவிட்டது. நான் எழுத வந்தது உங்கள் அப்பாவைப் பற்றி.

நீங்கள் மாமாவை இங்கே அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. உங்கள் தங்கை பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால் வீட்டில் பேச ஆளில்லை என்று அவர் என்னோடு கடைக்கு வர ஆரம்பித்தார். பாட்டு கேட்பதற்கென்றே கம்பளம் விரித்து, சுவரெல்லாம் பஞ்சு அடித்து ஓர் அறை வைத்திருக்கிறேன் அல்லவா, அதன் நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர் உட்கார வேண்டிய நாற்காலி அது. எழுந்திருங்கள் என்று மாமனாரிடம் எப்படிச் சொல்வது? பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டேன்.

முதலில் பல் டாக்டர். மூன்று வாரமாக வந்து போய்க்கொண்டிருந்தவர், அன்றைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், கிட்டத்தட்ட பழம் கையில் விழுந்த மாதிரிதான். சாதாரண வயரில் ஒரு பாட்டைப் போட்டேன். பிறகு பெட்டிக்குப் பின்னால் குனிந்து நிமிர்ந்து, இப்போது வெள்ளி வயரில் கேளுங்கள் என்று அதே பாட்டைப் போட்டேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "அடேயப்பா, மூடியைத் திறந்த மாதிரி இருக்கு!" என்றார். நானும் ஆமாம், ஆமாம் என்றேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது, சத்தியமாக. அப்போது மாமா, "மாப்பிள்ளை, அந்த வெள்ளி வயரு இன்னும் என் மடியிலதானே இருக்கு?" என்றார். குனிந்த நேரத்தில் டாக்டர் ஏதோ கேட்டார், பதில் சொல்லிக்கொண்டே, மாமாவிடம் பிடிக்கக் கொடுத்த வயரை வாங்கி மாட்டாமலே நிமிர்ந்துவிட்டிருக்கிறேன். டாக்டரின் மனைவி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. டாக்டர் முகம் சுண்டிப் போய்விட்டது. அன்றோடு சரி.

அடுத்தது கட்டட கான்ட்ராக்டர். இருக்கிற பெட்டிகளிலேயே பெரிய ஜோடி வேண்டும் என்று நின்றார். பாட்டு முடிந்ததும் மாமா தலையை ஆட்டி, "இடது பக்கப் பொட்டி சரியில்ல. மந்தமா இருக்கு" என்றார். கான்ட்ராக்டர், "பெரியவர் யாரு?" என்று கேட்டார். ரயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் சொல்லும் வேலையில் முப்பத்தாறு வருடம் இருந்தவர் என்று நானே பெருமையாக உளறி வைத்தேன். அவ்வளவுதான், மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் சந்தேகமும் வந்தது. கம்பெனி என்ஜினியரை வரவழைத்தேன். அவர் கருவி வைத்து அளந்து, எந்தக் குறையும் இல்லை என்றார். "அந்த மெஷினுக்குக் காது இருக்கா?" என்றார் மாமா. உங்கள் தங்கையோ, "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். அவர் வேலைல இருந்தவரைக்கும் ஒரு ரயில் கவுந்துச்சா?" என்று முடித்துவிட்டாள். நானும் நம்பி, ஒன்றல்ல, மூன்று ஜோடிகளைத் திருப்பி அனுப்பினேன். புதிதாக வந்த மூன்றிலும் இடது பெட்டி சரியில்லை.

இதைக் கேட்டு கம்பெனி மேலாளர் போன வியாழக்கிழமை நேரில் வந்தார். டை கட்டியவர், குரலை உயர்த்தாதவர். அதுதான் பயமாக இருந்தது. மாமாவிடம் பணிவாக, "ஐயா, எது மந்தமா இருக்கு?" என்று கேட்டார். இடது என்றார் மாமா. மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தானே மூச்சுத் திணற இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்து, "இப்ப சொல்லுங்க" என்றார். மாமா நிதானமாகக் கேட்டார். "இப்பவும் இடதுதான். பாத்தீங்களா, ரெண்டுமே போச்சு!" மேலாளர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, எனக்கு ஒரு மாதம் தவணை தருவதாகவும், அதற்குள் நாலு ஜோடியாவது விற்காவிட்டால் கடைவாசலில் இருக்கும் கம்பெனிப் பலகையைக் கழற்றிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். காபி கூடக் குடிக்கவில்லை.

ஆகவே மச்சான், கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். உண்மை பேசுகிறவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், கடையில் வைத்துக்கொள்ள முடியாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து மாமாவை அழைத்துக்கொண்டு போக வேண்டும். நான் எழுதியதாக உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம். பேரனுக்குத் தாத்தா நினைவு வந்துவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, வேறு எந்தத் தொழிலுக்காவது போகட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இதை எழுதி இரண்டு நாளாக அலமாரியில் வைத்திருந்தேன். நேற்று உங்கள் தங்கை மாமாவைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். போனை எப்போதும் வலது காதிலேயே வைக்கிறாரே என்று அவளுக்குத்தான் தோன்றியிருக்கிறது. டாக்டர் தண்ணீர் பீய்ச்சி, இடது காதிலிருந்து ஒரு பட்டாணி அளவு அழுக்குக் கட்டியை எடுத்துக் காட்டினாராம். குறைந்தது ஐந்து வருடச் சேமிப்பு என்றாராம். நான் திருப்பி அனுப்பிய மூன்று ஜோடிக்கும் கொடுத்த லாரி வாடகையைக் கூட்டிப் பார்த்தேன்.

இன்று காலை கடையில் ஒரு பாட்டைப் போட்டேன். மாமா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். பிறகு, "மாப்பிள்ளை, நடுவுல யாரு நிக்கிறது?" என்றார். "யாரும் இல்ல மாமா." "ரெண்டு பொட்டிக்கும் நடுவுல நின்னு ஒரு பொண்ணு பாடுதே!" எழுந்து போய் அந்தக் காலி இடத்தில் கையை நீட்டித் துழாவிப் பார்த்தார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. இரண்டு பெட்டியும் சேர்ந்து சரியாகப் பாடினால் குரல் நடுவிலிருந்து வருகிற மாதிரிதான் கேட்கும்; அந்தப் பெண் அங்கே நிற்கிறாள் என்றுதான் பன்னிரண்டு வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையை நீட்டிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். வாங்கப் போகிறவர் இல்லை, தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மாமாவின் மீதித் துணிமணிகளைப் பார்சலில் அனுப்பிவையுங்கள்.