ஆற்றைப் பார்த்த விளக்குகள்

"இன்னும் வெளிச்சம் வருதுங்க," என்றாள் மனைவி, போனில்.

எலெக்ட்ரீஷியன் ஏணி வண்டியின் உச்சியில், புதுப் பாலத்தின் பதினான்காம் நம்பர் விளக்கைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றிருந்தார். பாலத்துக்கு நேர் எதிரே, மூன்றாவது மாடியில் அவர் வீடு. முந்தாநாள் சோதனைக்காக விளக்குகளைப் போட்டதிலிருந்து படுக்கையறைத் திரையைத் தாண்டி வெளிச்சம் அடிக்கிறதாம். ஆறு மாதக் குழந்தை இரண்டு நாளாகக் கண்மூடவில்லை. அது மூடாததால் அவளும் மூடவில்லை. அவள் மூடாத வீட்டில் அவர் மட்டும் மூடிவிட முடியுமா?

ராத்திரி எட்டு மணிக்குப் பெரிய இன்ஜினியர் பார்வையிட வருகிறார். அவர் தலையாட்டிவிட்டால் இவர் சூப்பர்வைசர். பதினொரு வருஷக் கனவு. அதற்குள் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, விளக்கை லேசாக ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? திருப்பினார்.

"இப்ப?"

"அப்படியேதான் இருக்கு. அப்பா பால்கனியில நின்னு பார்த்துட்டிருக்கார். அது இல்லையாம், பக்கத்து விளக்காம்."

மகளைப் பார்க்க வந்திருக்கும் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாப்பிள்ளை எதைச் செய்தாலும் மார்க்கைக் குறைப்பவர்.

"உங்கப்பாவுக்கு கரண்டைப் பத்தி என்ன தெரியும்?"

"அவர் பொண்ணு தூங்கலைன்னு தெரியும்."

அதற்குமேல் பேசுவது உடம்புக்கு ஆகாது. பதின்மூன்றைத் திருப்பினார். "பதினஞ்சாம்." திருப்பினார். "அப்பா பன்னெண்டையும் பதினாறையும் சொல்றார்." அவற்றையும் திருப்பினார். கண்கூசி, வீடு எந்தத் திசை என்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஏழே முக்காலுக்குள் இருபது விளக்குகள் ஆற்றைப் பார்த்து நின்றன.

"அண்ணே, ரோடே தெரியல," என்றார் ஏணி வண்டி டிரைவர். "வண்டிய எப்படி நகர்த்தறது?"

சொன்னபடி சரியாக எட்டுக்கு இன்ஜினியரின் கார் வந்தது. இறங்கியவர் இருண்ட சாலையைப் பார்த்தார். ஜொலிக்கிற ஆற்றைப் பார்த்தார்.

"ஏன்யா, மீன் பிடிக்கவா விளக்கு போட்டீங்க?"

எலெக்ட்ரீஷியனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. குழந்தை, திரை, மாமனார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

இன்ஜினியர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

"மெயினை அணைங்க. எல்லாத்தையும் பழையபடி திருப்பி வைங்க. சூப்பர்வைசர் விஷயத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம்."

மெயின் அணைந்தது. பாலம் கும்மிருட்டானது. பதினொரு வருஷமும் ஒரே சுவிட்சில் போய்விட்டதே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்பவாவது குழந்தை தூங்கிச்சா?"

"எங்க தூங்கறது? வெளிச்சம் கொஞ்சம்கூடக் குறையலியே."

"பாலத்துல ஒரு விளக்குகூட எரியலடி."

பக்கத்தில் நின்றிருந்த டிரைவர் எதிர்ப்பக்க மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படிண்ணே குறையும்? உங்க மாமனார் பால்கனியில தலைக்கு மேல பல்பைப் போட்டுக்கிட்டுல்ல நிக்கிறாரு."